சின்னத்தம்பிக்குக் காலர் உண்டு

பெரியநாயக்கன்பாளையம், தடாகம் பக்கம் தோட்டங்களில் புகுந்துகொண்டிருந்த சின்னத்தம்பி யானையை 2019 ஜனவரியில் பிடித்து டாப்சிலிப் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. ஐயா நடையைக் கட்டிவிட்டார். மலையிறங்கி, பொள்ளாச்சிப் பக்கம் எட்டிப் பார்த்து, உடுமலை தாண்டிக் கரும்புக் காட்டுக்குள் போய் நின்றார். கழுத்தில் ரேடியோ காலர், பின்னால் வனத்துறை, முன்னால் டிவி கேமரா, பக்கத்தில் கும்கி கலீம், எல்லோருக்கும் மேலே உயர் நீதிமன்றம். ராத்திரி எந்தத் தோட்டத்தில் தூங்கினார் என்பது விடிவதற்குள் டீக்கடைக்கெல்லாம் தெரிந்துவிடும். யானைமேல் எனக்கு வழக்கொன்றுமில்லை. பாவம், அது தன் வீட்டைப் பார்த்துத்தான் நடந்தது.

அதே பெரியநாயக்கன்பாளையத்தைத் தாண்டும் மேட்டுப்பாளையம் ரோட்டில் மனநோய் முற்றிய மனுசன் ஒருவன் வீட்டைவிட்டு நடந்தால் என்ன கிடைக்கும்? ஒரு ஏ4 தாள். பஸ் நிறுத்தச் சுவரில், செப்டிக் டேங்க் கிளீனிங் நம்பருக்கும் ஏலச்சீட்டு விளம்பரத்துக்கும் நடுவே ஒட்டியிருப்பார்கள். யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த படத்தை வெட்டியது. தோளில் பக்கத்து ஆளின் கை மட்டும் மிச்சமிருக்கும். ‘நீலக் கட்டம் போட்ட லுங்கி, சற்று மனநிலை சரியில்லாதவர், தகவல் தருவோருக்குத் தக்க சன்மானம்.’ ஒரு மழைக்குத் தாங்காது.

ஸ்டேஷனுக்குப் போனால் எந்த ஊரானாலும் உரையாடல் ஒன்றுதான்.

“கோவிச்சுக்கிட்டுப் போனானா?”

“இல்லீங்க சார், மனசு கொஞ்சம் சரியில்லீங்க. மாத்திரைய நிறுத்திப்போட்டானுங்க.”

“மேஜர்தானே? ரெண்டு நாள் பாரும்மா. பசிச்சா தானா வந்துருவான்.”

சோற்றில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று காதுக்குள் ஒரு குரல் சொல்லச் சொல்ல, அந்தச் சோற்றுக்குப் பயந்து ஓடியவன் பசித்தால் எந்த வீட்டுக்கு வருவான்? இந்தக் கேள்விக்கு எந்த ரைட்டரின் மேசையிலும் பதில் இல்லை. காலை நடைக்குப் போய் வீடு மறந்து நிற்கும் எழுபது வயதுக்காரருக்கும் அதே ‘ரெண்டு நாள்’தான்.

இதுவே ஒரு பெண் வேற்றுச் சாதிப் பையனோடு போயிருக்கட்டும். அரை மணி நேரத்தில் நாலு ஸ்கார்ப்பியோ கிளம்பும். பழனி ரோட்டில் ஒன்று, சத்தி ரோட்டில் ஒன்று, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் இரண்டு. செல்போன் டவர் முதல் சுங்கச்சாவடி கேமரா வரை அத்தனையும் துழாவப்படும். தேடத் தெரியாத ஊரல்ல இது. யாரைத் தேடுவது என்பதில் வெகு தெளிவாக இருக்கிற ஊர்.

மனநோயாளியின் வீட்டுக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. “அண்ணனுக்கு இப்பிடீன்னு தெரிஞ்சா தங்கச்சிக்கு எவன் மாப்பிள்ளை குடுப்பான்?” என்று நோயை அட்டாலியில் ஏற்றிப் பூட்டுகிறார்கள். ஜாதகம் பார்த்து, மந்திரித்து, குணசீலத்தில் நாற்பத்தெட்டு நாள் கிடந்து, கடைசியாக டாக்டரிடம் வருகிறார்கள். சிலர் கோயிலிலோ தர்காவிலோ விட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறார்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியை அறுக்க முடியாமல் 28 பேர் செத்தார்கள். யாரும் அவர்களைத் தொலைக்கவில்லை. கொண்டுபோய்க் கட்டினார்கள்.

சட்டம் இல்லையா என்றால், பிரமாதமாக இருக்கிறது. 2017-இல் இயற்றி அடுத்த வருடம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவைப் படித்தால் கண்ணில் நீர் வரும். தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் தெருவில் அலைபவரைக் காவல் நிலையம் பாதுகாப்பில் எடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. அதோடு அவரைக் காணாமல் போனவராகக் கணக்கிட்டு எஃப்.ஐ.ஆர். போட்டு, குடும்பத்தைக் கண்டுபிடிக்க வேண்டியது நிலைய அதிகாரியின் கடமை. அதாவது தேடுகிற ஊரிலும் ஒரு காகிதம், கிடைத்த ஊரிலும் ஒரு காகிதம். இரண்டும் எங்காவது சந்தித்தால் ஆள் வீடு சேர்ந்துவிடுவான். நம் ஆட்கள் இரண்டாவது காகிதத்தைத்தான் தொடுவதில்லை. மந்திரி வருகிறார் என்றால் மட்டும் வேன் வரும்; தெருவில் கிடப்பவனை ஏற்றி அடுத்த மாவட்ட எல்லையில் இறக்கிவிடும். இவனுக்குக் கிடைக்கும் ஒரே அரசுப் போக்குவரத்து அது.

மிச்சத்தை அறக்கட்டளைகள் பார்த்துக்கொள்கின்றன. 2022 நவம்பரில் தொண்டாமுத்தூர் பக்கம் அட்டுக்கல்லில், தெருவோரத்தில் இருந்தவர்களை அள்ளிவந்து அடைத்து மொட்டையடித்ததாக ஊர்மக்கள் கொதித்தார்கள், சிலர் கைதானார்கள். மூன்று மாதம் கழித்து விழுப்புரம் குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமம். சேர்த்துவிட்ட பெரியவரைப் பார்க்க உறவினர் வந்தால், ஆள் அங்கே இல்லை. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் விவகாரம் வெளியே வந்தது. காணாமல் போனவர்களை வைத்துக் காப்பதற்கென்று ஓர் இடம். அங்கிருந்தும் காணாமல் போகிறார்கள்.

செய்ய முடியாத வேலையா இது? மும்பை டாக்டர் பரத் வாட்வானி தெருவில் அலைபவர்களைக் கர்ஜத்தில் இருக்கும் தன் மையத்துக்கு அழைத்துப்போய் மருந்து கொடுக்கிறார். மருந்து பிடித்ததும் பலர் தங்கள் ஊர்ப்பெயரைத் தாங்களே சொல்கிறார்கள். வீட்டில் கொண்டுபோய் விடுகிறார். 2018-இல் அவருக்கு மகசேசே விருது. நம்மிடம் ஆதார் வேறு இருக்கிறது. ரேஷன் கடையில் அரிசிக்கு விரலை வைத்தால் ‘பீப்’ என்று பெயர் வந்துவிடுகிறது. புது ஆதார் எடுக்கப் போய், ரேகை ஏற்கெனவே பதிவாகியிருப்பது தெரிந்து வீடு சேர்ந்தவர்களும் உண்டு. பாலத்தடியில் கிடப்பவனின் விரலைப் பிடித்து வைக்கத்தான் ஆளில்லை.

செத்த பிறகு கவனிப்பு பலமாக இருக்கும். ‘அடையாளம் தெரியாத ஆண் சடலம், வயது சுமார் 45, வலது தோளில் மச்சம், இடது முழங்காலில் பழைய தழும்பு.’ உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, படம் எடுத்து, எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்புவார்கள்.

பிரிவு 100-இன்படி கோவை மாவட்டத்தில் போன வருடம் எத்தனை எஃப்.ஐ.ஆர். போட்டார்கள்? பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் யாராவது கேளுங்கள். முப்பது நாளில் பதில் வந்தாக வேண்டும், அந்த மனுவும் வழியில் எங்கேயாவது காணாமல் போகாமலிருந்தால்.