காற்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டும் அலுவலகத்துக்கு ஒரு மனு

பெறுநர்: தரவுக் கோப்புகளைப் பிரிக்கும் அதிகாரம் படைத்த உயர்திரு அலுவலர் அவர்கள்.

பொருள்: திருப்புலிவனத்து முகவரிகள் காற்புள்ளியில் வெட்டப்படுவது – தொடர்பாக.

ஐயா,

சிஎஸ்வி என்பது கட்டங்களைக் காற்புள்ளியாலும் பதிவுகளை வரிமுடிவாலும் பிரித்துக் காட்டும் வெறும் எழுத்துக் கோப்பு. பெயர், முகவரி, சர்வே எண், பரப்பு என நான்கு கட்டமுள்ள பதிவுக்கு மூன்று காற்புள்ளி போதும். ஆனால் முகவரி "சன்னதி தெரு, திருப்புலிவனம், உத்திரமேரூர் வட்டம்" என்று வரும்போது மேலும் இரண்டு சேர்கின்றன. அலுவலக நிரலிடம் இருப்பதோ காற்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டும் ஸ்பிளிட் என்ற ஒரே அரிவாள். வெட்டியதும் திருப்புலிவனம் சர்வே எண்ணாகிறது. உத்திரமேரூர் வட்டம் முழுவதும் ஒரே விவசாயியின் பரப்பாகிறது. 1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் இதை அனுமதிக்குமா என்பது தனி வழக்கு. உண்மையான சர்வே எண்ணும் பரப்பும் ஐந்தாவது, ஆறாவது கட்டங்களாகி, தலைப்பில்லாத குற்றத்துக்காகக் கைவிடப்படுகின்றன.

இதற்கு விதி உண்டு. 2005 அக்டோபரில் வெளியான ஆர்எஃப்சி 4180 என்ற இணைய ஆவணத்தின்படி, காற்புள்ளியோ மேற்கோள்குறியோ வரிமுடிவோ அடங்கிய கட்டத்தை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும்; உள்ளே வரும் மேற்கோள்குறியை இருமுறை எழுத வேண்டும். அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் அனுப்புகிறார்கள். படிக்கிற நிரல் எழுத்தெழுத்தாக நகர்ந்து, தான் மேற்கோளுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். வெளியே உள்ள காற்புள்ளி எல்லை. உள்ளே உள்ளது முகவரியின் சொத்து. உள்ளே விழும் வரிமுடிவும் அவ்வாறே. ஆகவே கோப்பை முதலில் வரிவரியாக அறுத்துவிட்டுப் பிறகு கட்டம் தேடுவது தலைகீழ் வேலை. இத்தனையும் செய்யும் தொகுதி பைத்தான் நிரல்மொழியில் 2003 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. டெண்டர் தேவையில்லாததால் கவனத்துக்கு வராமல் போயிருக்கலாம்.

கலக்காமல் பிரிப்பது இவ்வட்டத்துக்குப் புதிதல்ல. பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றின்படி, ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்க முப்பது குடும்புகளின் (ஊர்ப் பிரிவுகளின்) குடவோலைகளும் தனித்தனிக் கட்டுகளாக, எந்தக் குடும்பு என்று காட்டும் வாயோலை சேர்த்தே குடத்துக்குள் போயின. ஒரு குடும்பின் ஓலை அடுத்த குடும்பில் கலக்க வழியில்லை. அச்சபைக்குக் கணினிப் பிரிவு இருந்ததாகக் கல்வெட்டு கூறவில்லை.

சரியாகப் பிரித்த பின்னும் ஓர் ஆபத்து உண்டு. 12/3 என்ற உட்பிரிவு எண்ணை விரிதாள் தேதியாக ஊகித்து மாற்றிவிடும். மார்ச்1, செப்ட்1 என்ற மனித மரபணுக்களும் இப்படித் தேதியானதால், 2020-இல் பெயரிடும் குழு அவற்றின் பெயரையே மாற்றியது. மரபணுவுக்கு அது முடிந்தது. திருப்புலிவனத்து உட்பிரிவுக்கு எண் மாற்ற வேண்டுமானால் சர்வேயர் வர வேண்டும்.

எனவே, சர்வே எண்ணை எழுத்தாகவே படிக்கவும், ஒவ்வொரு பதிவிலும் உள்ள கட்டங்களை எண்ணித் தலைப்பு வரியோடு ஒப்பிடவும், பொருந்தாதவற்றை ஏற்றாமல் நிறுத்திவைக்கவும் நிரலுக்கு உத்தரவிடுமாறு பணிந்து வேண்டப்படுகிறது.