இடிபாட்டு தரிசனம்

சென்னை நண்பர் ஒருவர் நாவலுக்கு 'உத்வேகம்' தேடிக் கல்லிடைக்குறிச்சிக்கு வந்தார். பூட்டிக் கிடந்த ஓர் அக்ரகாரத்து வீடு. சுவரில் அரசங்கன்று, ஓட்டுச் சந்தில் புறா, உள்ளே துருவேறிய ஊஞ்சல் சங்கிலி. கண் கலங்கி நாற்பது படம் எடுத்தார்.

தெருவில் அப்பளம் உலர்த்திக்கொண்டிருந்த ஆச்சி கேட்டாள்: "வீடு வாங்க வந்தியளாய்யா? அஞ்சு பங்காளி, கோர்ட்டுல கேஸ் கிடக்கு. அட்வான்ஸ் எதுவும் குடுத்துராதீய!"

கதை அங்கேதான் இருந்தது. நண்பரோ சங்கிலியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

எழுத்தாளர் வண்ணதாசனுக்கு இடிபாடு தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. திருநெல்வேலி டவுன் சுடலைமாடன் கோவில் தெருவும் அங்குள்ள மனிதர்களுமே அவருக்குக் கதையானார்கள். 'ஒரு சிறு இசை' சிறுகதைத் தொகுப்புக்கு 2016ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருதும் வந்தது.

நண்பர் நாவலுக்குத் தலைப்பு வைத்துவிட்டார். ஆச்சியிடம் இரண்டு கட்டு அப்பளமும் வாங்கினார், பேரம் பேசி.