செல் குடும்பத்துத் துக்கம்

காலை ஆறரைக்குப் போன் அடித்தால் அது மாமாதான்.

"ரெனே போயிட்டார்டா" என்பார், தொண்டை கம்ம. அடுப்படியிலிருந்து அம்மா, "யாரு? நமக்குத் தீட்டு உண்டா?" என்பாள். போனவர் 1693இல் பிரான்சிலிருந்து கப்பலேறிக் கனடாக் காட்டில் மரம் வெட்ட வந்தவர் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

இப்போது மாமாவிடம் சிக்கியிருப்பது ஆனி ப்ரூவின் 'பார்க்ஸ்கின்ஸ்'. 2016இல் வந்த நாவல். 700 பக்கத்துக்கு மேல். ரெனே செல், சார்ல் டுகே என்று பிழைக்க வந்த இருவரின் வம்சம் 2013 வரை காட்டை வெட்டியும் விற்றும் வாழ்கிறது. முந்நூறு வருஷக் கதையில் யார்தான் மிஞ்சுவார்கள்? ஒருவர் விடாமல் மாமா துக்கம் சொல்லி அனுப்புகிறார். மதியம் சாப்பிடும் நேரத்தில்கூட. "நியூசிலாந்துல கவுரியை வெட்ட ஆரம்பிச்சுட்டாங்கடா" என்று ஒருநாள் அலறினார். "எந்தக் கௌரி?" என்று அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். மரமாம்.

புத்தகத்தின் கடைசியில் இருக்கும் இரண்டு வம்சாவளிகளையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். டுகே வாரிசுகள் எப்போது டியூக் ஆனார்கள், யார் யாரைக் கட்டினார்கள், எல்லாம் மனப்பாடம். தங்கை கல்யாணத்தில் சொந்த அண்ணன் பேரனைப் பிடித்து நிறுத்தி, "நீ யார் வீட்டுப் பிள்ளைப்பா?" என்றார்.

24 அங்குல விட்டத்துக்கு மேற்பட்ட வெண்பைன் மரமெல்லாம் கப்பல் பாய்மரத்துக்கென்று இங்கிலாந்து ராஜாவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது என்று தெரிந்த நாள் முதல், போகிற வீட்டுத் தூணையெல்லாம் முழம்போட்டுப் பார்க்கிறார். அதை விடுங்கள்.

ரெனே கட்டிய மாரி, மிக்மாக் இனத்துப் பெண். காடு போகப் போக அவள் வழிவந்த பேரப்பிள்ளைகளுக்கு வேட்டையும் போய், மண்ணும் போய், வேற்றாள் காட்டில் கூலிக்குக் கோடரி பிடிக்க வேண்டியதாயிற்று. அதைச் சொன்ன அன்று மாமா நடுவில் நிறுத்திவிட்டார். போனை வைக்கவும் இல்லை. அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

மற்ற நாளெல்லாம் வருகிறது. அந்த நாவலை நானும் படிக்க நினைத்தவன். இனி அதில் யார் செத்தாலும் எனக்குப் பழைய செய்தி. புண்ணியமாகப் போகும், அவருக்கு 200 பக்கத்துக்கு மேல் எதையும் இரவல் தராதீர்கள்.