பிதுரார்ஜிதமா, சுயார்ஜிதமா?

வீடோ நிலமோ விற்கப் போனால் பத்திரத்தில் ஒரு விஷயம் தெளிவாக வந்தாக வேண்டும்: சொத்து விற்பவருக்குப் பிதுரார்ஜிதமாக வந்ததா, சுயார்ஜிதமா? ஊரார் சொத்துக்கெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டே பிழைத்த வக்கீல் குடும்பங்கள், தங்கள் தொழிலைப் பற்றி மட்டும் அதைக் கேட்டுக்கொள்வதில்லை. பதில்தான் வாசலிலேயே தொங்குகிறதே! பலகையில் மேலே தாத்தா பெயர், அதற்குக் கீழே அப்பா பெயர், அதற்கும் கீழே பேரனுக்காக விட்டுவைத்த இடம்.

மிதாக்ஷர முறைப்படி, பூர்விகச் சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்கு உண்டு. வங்காளத்துத் தாயபாக முறையில் அப்பா கண்ணை மூடும்வரை காத்திருக்க வேண்டும். மயிலாப்பூர் வக்கீல் வீடுகள் அப்பழுக்கற்ற மிதாக்ஷரம். குழந்தை ஐஸ்கிரீம் கேட்டால், "ஞாயித்துக்கிழமைக்கு வாய்தா" என்பார் அப்பா. குழந்தை தாத்தாவிடம் அப்பீல் போகும். தாத்தா அனுமதித்துவிடுவார். பாட்டி, சளி பிடிக்கும் என்று ஸ்டே கொடுத்துவிடுவாள்.

இந்தப் பிறப்புரிமையை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சி.பி. ராமசுவாமி ஐயரைக் கேட்டிருக்க வேண்டும். அவருக்கு ஆங்கிலப் பேராசிரியராக ஆசை. நீதித்துறையில் இருந்த அவருடைய அப்பா சி.ஆர். பட்டாபிராம ஐயருக்கோ மகன் வக்கீலாக வேண்டும். மகனின் மனு தள்ளுபடி ஆயிற்று. பிறகு 1920-ல் மதராஸ் மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாகவே சி.பி. உயர்ந்துவிட்டதால், அப்பாவின் தீர்ப்பைக் குறைசொல்லவும் வழியில்லாமல் போயிற்று. அவருடைய மகனும் வக்கீல்தான். பெயர் சி.ஆர். பட்டாபிராமன். தாத்தா பெயரும் தாத்தா இனிஷியலும்! பழைய பெயர்ப்பலகையைத் துடைத்து மாட்டினாலே போதும்.

மகன் வழியில் மட்டுமல்ல, மாப்பிள்ளை வழியிலும் தொழில் இறங்கும். மதராஸ் அட்வகேட் ஜெனரலாகப் பணியாற்றிய முதல் இந்தியர் வி. பாஷ்யம் ஐயங்கார். அவருடைய மாப்பிள்ளை எஸ். சீனிவாச ஐயங்கார் 1916-ல் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். பெண்கள் வக்கீல் தொழில் செய்யத் தடையில்லை என்று சட்டம் வந்ததே 1923-ல்தான். அதுவரை மகளுக்குக் கவுன் போட முடியாத வீடுகள், கவுன் போட்ட மாப்பிள்ளையைத் தேடின. இந்து வாரிசு உரிமை பற்றிய விவகாரங்களில் வக்கீல்கள் புரட்டும் மெய்ன் எழுதிய இந்து சட்ட நூலைப் பின்னாளில் திருத்திப் பதிப்பித்தவரும் இந்த மாப்பிள்ளைதான். அனுபவம் பேசியிருக்கும்!

தொழில் பிதுரார்ஜிதம் என்றே வைத்துக்கொள்வோம். அதில் வரும் ஃபீஸ்? இதைக் கேட்டு ஜனங்கள் உண்மையிலேயே கோர்ட்டுக்குப் போனார்கள். குடும்பப் பணத்தில் படித்து ஐ.சி.எஸ். ஆன ஒருவரின் சம்பாத்தியம் கூட்டுக் குடும்பச் சொத்துதான் என்று 1921-ல் லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. படித்த அண்ணன்மாருக்கு வயிற்றில் புளி கரைத்திருக்கும். ஊரில் வயலைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, "நான் அனுப்பின நெல்லுலதானே அண்ணா நீங்க பி.எல். படிச்சீங்க?" என்று பட்டணத்துக்கு ரயிலேறினால் என்ன செய்வது? 1930-ல் ஒரு தனிச் சட்டமே வந்தது. யார் காசில் படித்திருந்தாலும் கல்வியால் வந்த வருமானம் படித்தவனுக்கே சொந்தம். ஆக, தொழில் அப்பா கொடுத்தது; ஃபீஸ் மட்டும் தன்னுடையது.

பாகம் பிரித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயரின் தந்தை ஏகாம்ர சாஸ்திரி புரோகிதர். ஆகவே அல்லாடியின் சட்டம் கலப்பில்லாத சுயார்ஜிதம். 1929 முதல் 1944 வரை அட்வகேட் ஜெனரல், பிறகு அரசியலமைப்பு வரைவுக் குழு உறுப்பினர். ஒரு மகன் குப்புசுவாமி சொன்னபடி கேட்டு, ஆந்திர உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியானார். இன்னொரு மகன் ராமகிருஷ்ணன் பௌதிகத்தின் பக்கம் போனார். போனவர் வீட்டை விட்டாவது போனாரா? வக்கீல் அப்பாவின் 'ஏகாம்ர நிவாஸ்' வீட்டிலேயே பௌதிகக் கருத்தரங்கு நடத்தினார். 1960-ல் பௌதிக மேதை நீல்ஸ் போர் அங்கே வந்து பார்த்தார். 1962-ல் அதிலிருந்து கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. வாய்தா வாங்காமல் முடிந்த பாகப்பிரிவினை!

1977 முதல் 1979 வரை தமிழக அட்வகேட் ஜெனரலாக இருந்த வி.பி. ராமன் வீட்டிலும் பாகப்பிரிவினைதான். ஒரு மகன் பி.எஸ். ராமன் அப்பாவின் நாற்காலிக்கே வந்தார். இன்னொரு மகன் மோகன் ராமன் சினிமா நடிகரானார்.

பழைய இந்து சட்டத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. அப்பா வைத்த கடனைத் தீர்ப்பது மகனின் புனிதக் கடமை. இதைச் சந்திரசூட் வீட்டைப் போல யாரும் நிறைவேற்றியதில்லை. நெருக்கடி நிலையின்போது, 1976-ல், காவலில் வைக்கப்பட்டவர்கள் கோர்ட்டை நாட முடியாது என்று தீர்ப்பளித்த நீதிபதிகளில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். 2017-ல் அந்தரங்க உரிமை வழக்கில் அது தவறு என்று எழுதியவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட். கள்ள உறவைக் குற்றமாக்கும் பிரிவு செல்லும் என்று 1985-ல் அப்பா சொன்னார். 2018-ல் அந்தப் பிரிவையே ரத்து செய்த அமர்வில் மகன் இருந்தார். அப்பா பேச்சை மீறும் மகன் எல்லா வீட்டிலும் உண்டு. இந்த வீட்டில் மீறியது நாட்டுக்கே சட்டமாயிற்று.

இப்படிக் குடும்பமே கோர்ட்டில் இருந்தால் நியாயம் என்னாவது என்று இந்திய பார் கவுன்சிலும் யோசித்திருக்கிறது. நீதிபதி உறவுக்காரராக இருந்தால் வக்கீல் அவர் முன் ஆஜராகக் கூடாது. எந்தெந்த உறவு என்று விதியிலேயே பட்டியல் இருக்கிறது: தாத்தா, அப்பா, மகன், பேரன், மாமனார், மாமியார், மருமகன், மருமகள், மைத்துனர், நாத்தனார்... ஏறக்குறைய இருபது உறவுகள். கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று மட்டும் போட்டால் கல்யாணப் பத்திரிகை.

அந்தப் பட்டியலில் இடம்பெறாதவர் ஒருவர் உண்டு: குமாஸ்தா. தாத்தா காலத்தில் பையனாகச் சேர்ந்தவர். பேரன் புதுக் கவுனோடு முதல் நாள் ஆபீசுக்குள் நுழைகிறான். பழுப்பேறிய கட்டு ஒன்றைத் தூசி தட்டி மேஜையில் வைக்கிறார்.

"தாத்தா ஃபைல் பண்ண பாகப்பிரிவினை கேஸ், தம்பி. அப்பா ப்ரிலிமினரி டிக்ரி வாங்கிட்டாரு. ஃபைனல் டிக்ரிதான் பாக்கி. பதினாலாம் தேதி வாய்தா."