ஐந்தரைக்கு மேல் அசையாது

சகலை என்றொரு உறவு இல்லாவிட்டால் இந்த நாட்டில் சுற்றுலாத் தொழில் பாதி படுத்துவிடும். என் சகலை ஆலப்புழை போய், ஹவுஸ்போட்டில் சாய்வு நாற்காலி போட்டு, கையில் இளநீரோடு, ஏரியே தன் பெயரில் பட்டா ஆகிவிட்ட தோரணையில் எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸப்பில் போட்டார். என் மனைவி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சின்னதாக்கிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் உடனே டிக்கெட் எடுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சென்னை சென்ட்ரலில் ஆலப்புழை எக்ஸ்பிரஸ் ஏறினோம்.

ஆலப்புழைக்குக் ‘கிழக்கின் வெனிஸ்’ என்று பட்டம். கர்சன் பிரபு கொடுத்தது என்பார்கள். ஒரு டிசம்பர் மழையில் பிரபுவை வேளச்சேரிக்கும் அழைத்து வந்திருந்தால் எங்களுக்கும் ஏதாவது கிடைத்திருக்கும். ஆனால் ஆலப்புழைக் கால்வாய்களை யாரும் அழகுக்காக வெட்டவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் இங்கே துறைமுகத்தை வளர்த்தார். வேம்பநாட்டுக் காயலிலிருந்து சரக்கு வள்ளத்திலேயே கடற்கரைப் பக்கம் வந்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. பிற்பாடு கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தியதும் கப்பல்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. 1862இல் ஏற்றிய கலங்கரை விளக்கம் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. கடலுக்குள் நீண்டிருந்த பழைய பாலத்தின் மிச்சத் தூண்களுக்கு முன்னால் நின்று ஊரே செல்பி எடுக்கிறது. கால்வாயில் ஆகாயத்தாமரை. பூவென்று என் மனைவி அதையும் படம் எடுத்தாள். வாட்ஸப்பில் ஒரு படம் நாங்கள் முன்னிலை.

ஹவுஸ்போட் என்பது ஒரு காலத்தில் நெல்லும் தேங்காயும் சுமந்த கெட்டுவள்ளம். ஆஞ்சிலிப் பலகைகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார்கள். “ஓர் ஆணிகூடக் கிடையாது, தெரியுமா?” என்று சகலை சொல்லியிருந்தார். உண்மைதான், அடிப்பலகையில் கிடையாது. மேலே டி.வி. மாட்டியிருந்த சுவரில் இருந்தது. ஏ.சி.யும் இருந்தது. அது இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் வேலை செய்யும் என்று படகுக்காரர் சொன்னார். பகலில் அதைப் பார்த்துக்கொண்டே வியர்க்கலாம்.

நண்பகலில் புறப்பட்டோம். சாப்பாட்டுக்கு முன் படகு தானாகவே ஒரு மீன் கடையோரம் போய் நின்றது. வாங்கிக் கொடுத்தால் சமையல்காரர் வறுத்துத் தருவாராம். 2010இல் மாநில மீன் என்று அறிவித்ததிலிருந்து கரிமீனுக்குத் தன் மதிப்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது. சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் என் மனைவி பேரம் பேச ஆரம்பித்தால் வியாபாரிகள் தராசைக் கீழே வைத்துவிடுவார்கள். இந்தக் கடைக்கார அம்மா வாயே திறக்கவில்லை. சுற்றிலும் இருந்த தண்ணீரை ஒரு முறை பார்த்தார், எங்களைப் பார்த்தார். அடுத்த கடைக்கு நடந்து போக முடியாது என்பது எங்களுக்கே புரிந்தது. சொன்ன விலைக்கு வாங்கினோம். முள் நீக்கிப் பார்த்தால் மீன் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்காக இன்னொரு முறையும் ஏமாறலாம்.

சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தால் குட்டநாடு. இதைச் சகலை சொல்லவே இல்லை. அவர் படத்தில் அவர்தான் இருந்தார். படகில் உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்தால் கரை. கரைக்கு அந்தப் பக்கம் வயலைத் தேடிக் கண்ணைக் கீழே இறக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் மேலே மிதக்கிறோம், நெல் கீழே விளைகிறது! சில இடங்களில் கடல்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் வரை கீழே. காயலை வரப்பு போட்டு மறித்து, தண்ணீரை இறைத்து வெளியே தள்ளி, அடியில் கிடக்கும் சேற்றில் விதைக்கிறார்கள். இறைப்பதற்கென்றே ‘பெட்டியும் பறையும்’ என்று ஓர் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். 2013இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு இந்தச் சாகுபடியை உலக மரபுகளில் ஒன்றாக அங்கீகரித்தது. கோடையில் உப்புநீர் ஏறாமலிருக்கத் தண்ணீர்முக்கத்தில் ஷட்டர் வைத்த தடுப்பணை. அடைத்தால் நெல்காரருக்கு நிம்மதி, திறந்தால் மீன்காரருக்கு நிம்மதி. எம்.எஸ்.சுவாமிநாதனின் பூர்வீக ஊர் மங்கொம்பு இங்கேதான் இருக்கிறது. பிறந்தது கும்பகோணம். இரண்டு பக்கமும் நெல். பெரும்புகழ் வந்ததோ கோதுமையால்.

கரை மேலேயே வரிசையாக வீடுகள். வாசலில் காயல், கொல்லையில் வயல். ஒரு வீட்டு முன்னால் படகு வந்து நிற்க, பெண்கள் குடத்தோடு இறங்கினார்கள். குடிதண்ணீர்ப் படகு! சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் படகில் வருகிறது. “நம்ம ஊர் லாரி மாதிரியேதாங்க,” என்றாள் என் மனைவி. அன்று முழுக்க அவள் இவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்கவில்லை.

இந்த மாதிரி நேரத்தில்தான் படகு ஒரு தென்னைமரத்தோரம் ஒதுங்கியது. படகுக்காரர் கயிறு கட்டினார்.

“என்ன சேட்டா, ரிப்பேரா?”

“இல்ல சாரே, மணி அஞ்சரை. இனி நாளைக்குத்தான்.”

இருட்டினால் மீனவர்கள் வலை விரிப்பார்கள். ஹவுஸ்போட் ஓடினால் வலை அறுந்துவிடும், அதனால் மாலைக்கு மேல் ஓடக்கூடாது. நியாயமான விதி. அதை முன்பணம் வாங்கும்போது சொல்வதில்லை, கயிறு கட்டும்போது சொல்கிறார்கள். நண்பகல் முதல் மறுநாள் காலை ஒன்பது வரை இருபத்தொரு மணி நேரத்துக்கு வாடகை. சாப்பாட்டுக்கு நிறுத்தியது போக ஓடியது ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. மீதிக்கு அது தென்னைமரத்தில் கட்டிய லாட்ஜ். இரண்டு பக்கமும் இதே மாதிரி லாட்ஜுகள். பக்கத்துப் படகில் கோயம்புத்தூர் கோஷ்டி ஒன்று ஸ்பீக்கர் கட்டி, காயல் மீன்களுக்குக் குத்துப்பாட்டு சொல்லிக்கொடுத்தது. ஒன்பது மணிக்கு ஏ.சி. உயிர் பெற்றது. பாட்டு அதையும் தாண்டி வந்தது.

மறுநாள் இறங்கியதும் ஆலப்புழை படகுத்துறைக்குப் போனோம். கேரள நீர்வழிப் போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகு, கோட்டயம் போவது. டிக்கெட் விலையைக் கேட்டுவிட்டு, ஒரு ஆளுக்கா இரண்டு ஆளுக்கா என்று என் மனைவி மறுபடி கேட்டாள். முன்னால் நின்று திசை பிடிப்பவர் ஸ்ராங்கு. எஞ்சின் பக்கம் இருப்பவர் டிரைவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஸ்ராங்கு மணிக்கயிற்றை இழுத்தால் டிரைவர் வேகத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார், நிறுத்துகிறார். ஏனென்று கேட்பதில்லை. எங்கள் வீட்டில் இந்த முறை பல வருடமாக அமலில் இருக்கிறது.

படகில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், காய்கறிக் கூடைகள், குடை பிடித்தபடியே தூங்கும் ஒரு பெரியவர். பேருந்து நிறுத்தம் மாதிரியே வீட்டு வாசல்களில் நிற்கிறது, ஆள் ஏறுகிறது. வாத்துக் கூட்டம் குறுக்கே போனால் ஸ்ராங்கு மணியை இழுத்துக் காத்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா ஊர் எதுவென்று கேட்டார். சென்னை என்றோம். “அங்கே குடிக்கத் தண்ணி இல்லையாமே?” என்று உச்சுக்கொட்டிவிட்டு, பையிலிருந்து ஆளுக்கொரு வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தார்.

வழியெல்லாம் ஹவுஸ்போட்டுகள் அசைந்து அசைந்து போயின. வெளியிலிருந்து பார்க்க எவ்வளவு அழகு! அதற்குள் உட்கார்ந்திருந்தால் அது ஒன்றைத்தான் பார்க்க முடியாது. எனவே ஆலப்புழை போகிறவர்களுக்கு என் யோசனை: ஹவுஸ்போட்டைப் பாருங்கள், அரசுப் படகில் ஏறுங்கள். படகுத்துறை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சில்லறை எடுத்துப் போங்கள். ஜன்னலோரம் வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னாலேயே போய்விடுங்கள்.