ஆற்றை பெடியன் நீ?

நெல்லியடியில் என் மருமகன் ஒருவன் ஸ்டார்ட்அப் தொடங்கியிருக்கிறான். ரொறன்ரோவில் இருக்கிற பிள்ளைகள் அங்கிருந்தே காசு கட்டினால், ஊரில் இருக்கிற அம்மா அப்பாவின் வீட்டுப் படலைக்குப் பருத்தித்துறை வடை வந்துசேரும். நல்ல யோசனைதான். எட்டு மாதமாக வேலை நடக்கிறது. போன கிழமை லப்டொப்பைத் திறந்து காட்டினான். முதல் பக்கம் கண்மணியை ஸ்கேன் பண்ணும். அடுத்தது குரலைக் கேட்டு, ஆள் வடமராட்சியா வலிகாமமா என்று பிரிக்கும். அதற்குப் பிறகு இதயத் துடிப்பு. வருங்காலத்தில் மூச்சின் மணத்தையும் பிடிக்குமாம்.

"எல்லாம் சரி, வடை ஓடர் பண்ணுற பட்டன் எங்கையடா?"

"அது வெர்ஷன் டூவிலை வரும் மாமா."

சிரிக்காதீர்கள். உலகத்தின் பெரிய பெரிய மூளைகளும் வாசல்படியில்தான் வழுக்கி விழுந்திருக்கின்றன. என் மருமகன் அந்த வரிசையில் கடைசி ஆள், அவ்வளவுதான்.

முதலில் எங்கள் ஊர் லொகினைப் பார்ப்போம். எந்த வீட்டுப் படலையையும் தட்டுங்கள். உள்ளேயிருந்து ஒரு கிழவி "ஆர் அது?" என்பா. அது யூசர்நேம். "ஆற்றை பெடியன் நீ?" இது பாஸ்வேட். "அப்ப, உன்ர பெரியம்மாவைத்தானே அல்வாயிலை கட்டிக் குடுத்தது?" இது டூ ஃபக்டர். நாய் குரைக்கிறதை நிறுத்தினால் லொகின் சரிவந்துவிட்டது என்று அர்த்தம். சேர்வர் தேவையில்லை, கரண்ட் தேவையில்லை. மறந்ததைக் கிழவியே எடுத்துத் தருவா, நீங்கள் மறக்க விரும்பின சொந்தங்களையும் சேர்த்து.

ஆனால் எங்கள் லொகினைப் பற்றி நாங்களே புளுகக்கூடாது. இதே குடாநாட்டுத் தேத்தண்ணிக் கடைகளில், "ஆற்றை பெடியன்" என்ற கேள்விக்கு வருகிற பதிலைப் பொறுத்துத்தான் ஒருவருக்குக் கிளாசும் இன்னொருவருக்குத் தகரப் பேணியும் கிடைத்தன. 1966 ஒக்டோபர் 21 இல் சாதிப் பாகுபாட்டை எதிர்த்துச் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் கிளம்பி, பிறகு வருஷக்கணக்காய்ச் சனம் போராடித்தான் அந்தக் கதவுகள் திறந்தன. ஒரு பிளேன்ரீக்கு இவ்வளவு செக்யூரிட்டி போட்ட சமூகம் உலகத்தில் வேறு இருக்குமோ தெரியாது.

இனி அமெரிக்கா போவோம். கணினிக்குப் பாஸ்வேட் போட்டவர் என்று உலகம் கைகாட்டுவது பெர்னாண்டோ கோர்பட்டோவை. 1961, எம்ஐடி. இருப்பது ஒரே ஒரு பெரிய மெஷின், அதைப் பங்குபோட நிற்கிறவர்களோ பலர். அவரவர் கோப்பு அவரவருக்கு என்று பிரிக்க வேண்டும். கோர்பட்டோ கண்மணியும் கேட்கவில்லை, இதயத் துடிப்பும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு சொல், அதோடு அலுவல் முடிந்தது. நல்ல எளிமையான தயாரிப்பு. அடுத்த வருஷமே உடைந்தது என்பது வேறு கதை.

உடைத்தது ரஷ்ய உளவாளியல்ல. அலன் ஷேர் என்ற ஆராய்ச்சி மாணவன். அவனுக்குக் கிழமைக்கு 4 மணித்தியாலம்தான் கணினி. ஆய்வுக்கு அது காணவில்லை. பாவம், என்ன செய்வான்? ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பாஸ்வேட் கோப்பை அச்சடித்துத் தா என்று துளைபோட்ட அட்டையில் விண்ணப்பம் போட்டான். சனிக்கிழமை காலை போனால் எல்லாருடைய பாஸ்வேட்டும் தாளில் தயாராய்க் கிடந்தது. எங்கள் கந்தோர்களில் ஒரு பிறப்பு அத்தாட்சிப் பத்திரம்கூட இவ்வளவு கெதியாய் வருவதில்லை.

பாவத்தைத் தனியே சுமக்கக்கூடாது என்று ஷேர் அதை மற்றவர்களுக்கும் பகிர்ந்தார். அதில் ஒருவர் லிக்லைடர். இன்றைய இன்டர்நெட்டுக்குக் கனவு கண்ட மகான் என்று பாடப்புத்தகம் சொல்கிற அதே லிக்லைடர்தான். மகான் என்ன செய்தார்? ஆய்வுகூடத் தலைவர் ரொபர்ட் ஃபானோவின் கணக்குக்குள் புகுந்து, அவரை நையாண்டி பண்ணிக் குறிப்பு எழுதிவிட்டு வந்தார். 25 வருஷம் கழித்து ஷேர் ஃபானோவிடம் உண்மையை ஒப்புக்கொண்டார். உன்ர பிஎச்டியைப் பறிக்கமாட்டம் என்று ஃபானோ உறுதி கொடுத்தாராம். கால் நூற்றாண்டாய் அந்த மனிசன் பயந்தது அதற்குத்தான்!

கோர்பட்டோவுக்கு 1990 இல் டியூரிங் விருது கிடைத்தது. 2014 இல் ஒரு பத்திரிகை அவரைப் பிடித்துக் கேட்டபோது, பாஸ்வேட் இப்போது ஒரு கெட்ட கனவாகிவிட்டது என்றார். தன் பாஸ்வேட்டுகளை எப்படி ஞாபகம் வைத்தாராம்? மூன்று பக்கத் தாளில் டைப் அடித்து. வருஷக்கணக்கில் சேர்ந்தது ஒரு 150 இருக்குமாம். தாளில் எழுதிவைக்காதே என்று வங்கிக்காரன் உங்களைப் பேசினால் இனித் தலை குனியாதீர்கள். கண்டுபிடித்தவரே உங்கள் கட்சி.

சரி, யுனிக்ஸ் எழுதின ஆட்களாவது கவனமாய் இருந்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். 40 வருஷப் பழைய கோப்பு ஒன்று அகப்பட, 2019 இல் ஆர்வக்காரர்கள் அதிலிருந்த பாஸ்வேட்டுகளை உடைத்தார்கள். டெனிஸ் ரிச்சி தன் பெயரையே சுருக்கிப் போட்டிருந்தார். ஸ்டீபன் பூர்ன் சுருக்கவும் பஞ்சிப்பட்டு முழுதாய் 'பூர்ன்' என்றே போட்டிருந்தார். பிரையன் கெர்னிகன் கீபோர்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற மூன்று குறிகளை இரண்டு தரம் தட்டியிருந்தார். பின்னாளில் கூகிளை நடத்திய எரிக் ஷ்மிட்? மனைவி வெண்டியின் பெயர், பின்னால் மூன்று ஆச்சரியக்குறி. அந்த மூன்று குறியும் பாதுகாப்புக்கா பயத்துக்கா என்று கோப்பில் எழுதவில்லை.

கென் தொம்சன் ஒருவரே மானத்தைக் காப்பாற்றினார். அவர் போட்டது செஸ்ஸில் ராணிக்கு முன்னால் நிற்கிற காலாளை இரண்டு கட்டம் தள்ளுகிற நகர்வு. உடைக்க நாலு நாளுக்கு மேல் எடுத்தது. செய்தி கேள்விப்பட்ட தொம்சன் ஒரே சொல்லில் வாழ்த்து அனுப்பிவிட்டு இருந்துவிட்டார்.

மருமகனுக்கு நான் அழுத்திச் சொன்னது இந்தத் தொம்சன் கதையைத்தான். எளிய பாஸ்வேட்டோடு நின்றிருக்கக்கூடிய கோர்பட்டோ, அடுத்ததாக மல்டிக்ஸ் என்ற பிரமாண்டத்தைத் தொடங்கினார். எம்ஐடி, ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் லாப்ஸ் மூன்றும் சேர்ந்த கூட்டு முயற்சி. எல்லாம் செய்யும், எல்லாருக்கும் செய்யும். சொன்ன காலத்தில் செய்து முடியத்தான் இல்லை. 1969 இல் பெல் லாப்ஸ் 'ஆளை விடு' என்று கழன்றது. அங்கே வேலைபார்த்த தொம்சனுக்குக் கையில் திட்டம் இல்லை. அவரின் மனிசி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று கிழமை மாமியார் வீட்டுக்குப் போனா. அந்த மூன்று கிழமையில், மூலையில் கிடந்த ஒரு சின்ன மெஷினில், மனிசன் யுனிக்ஸின் அடிப்படையை எழுதி முடித்தார். பெயரே மல்டிக்ஸுக்குப் பகிடி. இன்று உங்கள் கைபேசிக்குள் இருப்பது அதன் பேரப்பிள்ளை. உலகத்தின் தலைசிறந்த இன்குபேட்டர் எது என்று யாராவது கேட்டால், மாமியார் வீடு என்று சொல்லுங்கள்.

"அதெல்லாம் பழைய காலம் மாமா. இனி உடம்புதான் பாஸ்வேட்," என்றான் மருமகன். 2004 இல் பில் கேட்ஸும் பாஸ்வேட் சாகப்போகிறது என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு எத்தனை பாஸ்வேட்டுக்கு நாங்கள் பால் வார்த்து வளர்த்தோம்! உடம்பு விஷயமும் கேளுங்கள். 2002 இல் ஜப்பானில் சுடோமு மட்சுமோடோ என்ற பேராசிரியர் ஜெலட்டினில் விரல் வார்த்தார். பிறந்தநாள் வீட்டில் கோப்பைக்குள் குலுங்குகிற ஜெலி இருக்கிறதே, அதன் மூலப்பொருள்தான். சோதித்த 11 வகை ரேகைக் கருவிகளும் அந்த ஜெலி விரலுக்கு 'வாங்கோ ஐயா' என்று கதவைத் திறந்துவிட்டன.

2014 இல் இன்னும் மோசம். ஜேர்மனியின் பாதுகாப்பு அமைச்சர் உர்சுலா வொன் டெர் லையனின் பெருவிரல் ரேகையை, கூட்டத்தில் எடுத்த படங்களை வைத்தே ஒரு ஹக்கர் உருவாக்கிக் காட்டினார். பாஸ்வேட் களவுபோனால் மாற்றலாம். பெருவிரலை? அமைச்சர் பொக்கெட்டுக்குள் கை வைத்தபடிதான் பேட்டி கொடுக்க வேண்டும்.

உடம்பின் துண்டை நம்பினால் என்ன நடக்கும் என்று யாழ்ப்பாணத்துக்கு 1560 இலேயே தெரியும். அந்த வருஷம் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்டன்டினோ டி பிரகன்சா நல்லூரைப் பிடித்தபோது, புத்தரின் பல் என்று சொல்லப்பட்ட ஒன்று அவர்கள் கையில் சிக்கியது. பர்மாவின் பெகு அரசன் லட்சக்கணக்கில் பொன் தருவதாகத் தூது விட்டான். பிரதிநிதியின் வாயில் நீர் ஊறியது, பாதிரிமார் விடவில்லை. 1561 இல் கோவாவில் அதை உரலில் போட்டு இடித்து, எரித்து, ஆற்றில் கரைத்தார்கள். அக்கவுண்ட் டிலீட்டட்! கொஞ்ச வருஷத்தில் கோட்டை இராச்சியத்து அரசனிடமிருந்து பெகுவுக்கு ஒரு பல் போனது. கண்டியோ, அசல் எப்போதும் எங்களிடம்தான் என்றது. அப்படியென்றால் கோவாவில் அவ்வளவு பக்தியாய் இடித்தது ஆற்றை பல்லை?

மருமகன் கொஞ்சம் இறங்கி வந்தான். அந்தச் சூட்டோடு இன்ஸ்டகிராமின் கதையையும் சொன்னேன். கெவின் சிஸ்ட்ரம் முதலில் வைத்திருந்த அப் 'பேர்பன்'. போன இடத்தைச் சொல்லலாம், போகிற இடத்தைச் சொல்லலாம், புள்ளி சேர்க்கலாம், படமும் போடலாம். சனம் படம் மட்டும் போட்டது. அவரும் மைக் கிரீகரும் மிச்சத்தை வெட்டி எறிந்தார்கள். 2010 ஒக்டோபரில் வெளிவிட, முதல் நாளே 25,000 பேர். வெட்டாமல் விட்டிருந்தால் எங்கள் சாமத்தியவீட்டுப் படங்களுக்கு உலகத்தில் போக்கிடமே இருந்திராது.

கதைத்துக் களைத்து வடை வாங்க வெளிக்கிட்டோம். வழமையாய் வாங்குகிற ஆச்சி. விற்பது ஒரே சாமான்: உழுந்து, மா, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம். உள்ளங்கையால் தட்டி எண்ணெயில் வழுக்கிவிடுவா. உடைத்தால் 'படக்' என்று சத்தம் வரும். இன்னும் வெர்ஷன் ஒன்றுதான், அப்டேட்டே கிடையாது.

காசு கட்ட மருமகன் கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தான். ஹெல்மெட் நசித்த முகம், வழிகிற வியர்வை. திறக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைத் துடைத்து, தாடையை உயர்த்திப் பாஸ்போர்ட் படத்துக்கு நிற்கிறமாதிரி நின்றான். திறக்கவில்லை. நம்பரைக் கேட்டது. முகம் இருக்கிற தைரியத்தில் அவன் அதை எப்போதோ மறந்துவிட்டான்.

ஆச்சி எண்ணெய்ச் சட்டியிலிருந்து ஒரு தரம் தலையை நிமிர்த்தினா. "கரவெட்டி வாத்தியாற்றை பேரன்தானே நீ? கொண்டு போ. காசைக் கொம்மாட்டை வாங்கிறன்."

வீட்டுக்கு வரும்வரை அவன் ஒன்றும் பேசவில்லை. இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். அப்பின் முதல் பக்கம். கண்மணி இல்லை, குரல் இல்லை, மூச்சு மணம் இல்லை. 'ஆற்றை பெடியன்' என்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி, அதற்குக் கீழே ஒரே ஒரு பட்டன்:

"ஆருக்கு வடை?"