கழுத்துப் பிடிப்பும் மறுக்கும் ஆற்றலின் இழப்பும்: ஓர் ஆய்வு

1. வரையறை

இரவில் நன்றாகப் படுத்தவர் காலையில் தலையை ஒரு பக்கம் திருப்ப முடியாமல் எழுவது கழுத்துப் பிடிப்பு எனப்படும். நோயாளி பெரும்பாலும் இதைத் தானாகக் கண்டறிவதில்லை. பல் துலக்கும்போது பக்கத்திலிருந்து யாரேனும் கூப்பிட, திரும்ப முயன்று “ஆ” என்று நிற்கும் கணத்தில் நோய் உறுதியாகிறது. பெரும்பாலும் சில நாட்களில் தானே விலகிவிடும். அந்தச் சில நாட்களே இந்த ஆய்வின் எல்லை.

2. உறுப்பமைதி

மனிதக் கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7தான். ஆகவே நீளத்தைக் காரணம் காட்டும் வாதம் தொடக்கத்திலேயே தள்ளுபடியாகிறது. இந்த எலும்புகளின் மேல் சுமார் 5 கிலோ எடையுள்ள தலை அமர்ந்திருக்கிறது. உள்ளே இருக்கும் அறிவின் அளவு எடையைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை.

மண்டையோடும் முதல் எலும்பாகிய அட்லஸும் கூடுமிடத்தில் தலை மேலும் கீழும் அசையும். ‘ஆம்’ என்பது அங்கே பிறக்கிறது. அட்லஸும் அதற்கடுத்த ஆக்சிஸும் கூடுமிடத்தில் தலை இடவலமாகத் திரும்பும். கழுத்தின் மொத்தத் திருப்பத்தில் ஏறக்குறையப் பாதி அங்கேதான் நிகழ்கிறது. ‘இல்லை’ என்பதன் இருப்பிடம் அதுவே. பிடிப்பு வந்தால் பெரிதும் முடங்குவது இந்தத் திருப்பம். ஆகவே நோயாளி மறுக்கும் ஆற்றலை இழக்கிறார். கைமாற்றுக் கேட்பவரும் சீட்டுக்கு ஆள் சேர்ப்பவரும் அணுக உகந்த காலம் இது. பிடிகொடுக்காமல் தலையைப் பக்கவாட்டில் ஆட்டி நழுவும் தென்னாட்டு உத்தியும் அப்போது பலிக்காது.

3. காரணக் கொள்கைகள்

இதன் தோற்றம் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் நான்கு கொள்கையினர் உளர்.

தலையணைக் கொள்கையினர் பழைமையானவர்கள், ஓரளவு சரியானவர்களும்கூட. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நிரப்பும் உயரம் வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு அதைவிடத் தாழ்ந்தது போதும். குப்புறப் படுப்பவர் இரவெல்லாம் கழுத்தைத் திருப்பியே வைத்திருப்பதால் அவரை எந்த இலவம்பஞ்சும் காப்பாற்றாது.

செல்போன் கொள்கையினர் எண்ணிக்கையில் அதிகம். காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் அவர்கள் சொல்லும் காரணம் இதுவே. இந்த ஒரு நோயில் மட்டும் அவர்களுக்குச் சான்று உண்டு. அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, தலை 15 பாகை குனிந்தால் கழுத்தில் விழும் சுமை சுமார் 12 கிலோ. 30 பாகையில் 18. 60 பாகையில் 27. அதாவது ஒரு சிப்பம் அரிசியைக் கழுத்தில் ஏற்றிக்கொண்டு ரீல்ஸ் பார்ப்பதற்குச் சமம்.

காற்றுக் கொள்கையினர் மின்விசிறியையும், திருஷ்டிக் கொள்கையினர் எதிர்வீட்டாரையும் குற்றம் சாட்டுவர். மின்விசிறி மறுப்புத் தெரிவிப்பதில்லை. எதிர்வீட்டாரிடம் யாரும் கேட்பதில்லை.

நான்கையும் பொருத்திப் பார்க்க ஒரு சோதனை உண்டு. 236 அடி உயரமுள்ள ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவரின் கழுத்து கடுங்கோணத்தில் வளைகிறது. ஆயினும் பிடித்துக்கொள்வது அரிது. யாரும் நெடுநேரம் அப்படி நிற்பதில்லை. மாறாக, பேருந்து ஜன்னலோரம் தலை சாய்ந்து தூங்குபவர், போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு வெங்காயம் நறுக்குபவர், கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகக் கணினியைப் படிக்க நாள் முழுதும் மோவாயைத் தூக்கியிருப்பவர் ஆகியோர் எளிதில் அகப்படுகிறார்கள். கழுத்து எந்தக் கோணத்தையும் சற்று நேரம் பொறுக்கும். ஒரே கோணத்தில் மணிக்கணக்காக நிறுத்திவைத்தால் பொறுக்காது. தலையணையும் செல்போனும் இந்த ஒரே விதியின் இரண்டு எடுத்துக்காட்டுகளே.

4. சிகிச்சை

பிடிப்பு வந்தவரைப் பார்க்க வரும் ஒவ்வொருவரும் அக்கணமே மருத்துவராகிறார். அவர்கள் சொல்வதில் வெந்நீர் ஒத்தடம் தசையைத் தளர்த்தும். தைலம் தோலில் உண்டாக்கும் எரிச்சல் வலியை மறக்கச் செய்யும். இதமாக நீவிவிடுவதும் சுகம் தரும். சுளுக்கு எடுக்கிறேன் என்று முரட்டுத்தனமாக அழுத்துவது உள்ள வலியை இரட்டிப்பாக்கும்.

சலூனில் தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பது தனியே குறிப்பிடத்தக்கது. மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே ஏறுகின்றன. வேகமான திருப்பத்தில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். அரிதுதான் எனினும் நிகழ்ந்திருக்கிறது. தலையசைத்து மறுக்க இயலாத நோயாளி இதை வாய்திறந்தே மறுக்க வேண்டும்.

கழுத்துப்பட்டைக்குச் சமூகப் பயன் உண்டு: பேருந்தில் இடம் கிடைக்கும். ஆனால் மருத்துவர் சொல்லாமல் நாள்கணக்கில் அணிந்தால் தசைகள் வலுவிழக்கும். வலி பொறுக்கும் அளவுக்கு மெல்லத் திருப்பிக்கொண்டே இருப்பதுதான் சிறந்த மருந்து.

5. தடுப்பு

கணினித் திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும். போனைக் கண்ணுக்கு உயர்த்த வேண்டும், கண்ணைப் போனுக்குத் தாழ்த்தலாகாது. அரை மணிக்கொரு முறை எழுந்து தோள்களைச் சுழற்றி, மோவாயை நேர்பின்னே இழுத்துச் சில விநாடி நிறுத்தி விட வேண்டும். இதற்குச் செலவில்லை, அதனாலேயே யாரும் செய்வதில்லை.

6. விலக்குகள்

கையில் மரமரப்பு அல்லது பலவீனம், நடையில் தள்ளாட்டம், சிறுநீரை அடக்க முடியாமை, விழுந்தோ விபத்திலோ அடிபட்டபின் வரும் வலி, காய்ச்சலும் கடும் தலைவலியும் சேர்ந்து மோவாய் மார்பைத் தொடாத விறைப்பு, மார்பிலிருந்து தாடைக்கும் கைக்கும் பரவும் வலி ஆகியவை இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே உள்ளன. இவற்றுக்கு மேற்சொன்ன நான்கு கொள்கைகளும் செல்லா. தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.